நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே

சாலிகிராமத்தில் ஒரு குரு இருந்தார். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம். குரலைக் கேட்காதவர்கள் அதைவிடக் கொஞ்சம்.

பெயர் தாட்சாயணி. வயது முப்பத்து நாலு. டப்பிங் கலைஞர். மும்பையிலிருந்து வந்து இறங்கும் கதாநாயகி தமிழில் கோபித்துக்கொண்டால் அது இவருடைய கோபம். வில்லனின் அம்மா மூக்கைச் சிந்தினால் அது இவருடைய மூக்கு. ஒரு படத்தில் பூனைக்கும் பேசியிருக்கிறார். பூனைதான் நன்றாக நடித்திருப்பதாக விமர்சனம் வந்தது.

மிச்ச நேரத்தில் மூன்று நாவல்கள் எழுதியிருந்தார். அவை மட்டும் அவருடைய சொந்தக் குரலில் இருந்தன.

அவருக்கு ஒரே ஒரு சீடர். குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பெயர் பிரிட்டோ. லிஃப்ட் மெக்கானிக்.

லிஃப்ட் நின்றுவிட்டது என்று எந்தக் கட்டிடத்திலிருந்து போன் வந்தாலும் பிரிட்டோ கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"உள்ளே ஆள் இருக்கா?"

இல்லை என்று பதில் வந்தால் கையிலிருக்கும் டீயைக் குடித்து முடிப்பார். வடை இருந்தால் வடையையும் முடிப்பார். இருக்கிறது என்று வந்தால் டீ க்ளாஸ் அப்படியே நிற்கும், ஆள் வண்டியில் இருப்பார். இருபத்தோரு வருஷத்தில் இப்படி ஆறிப்போன டீக்குக் கணக்கில்லை.

குருவும் சீடரும் சந்தித்ததும் அப்படித்தான். டப்பிங் ஸ்டுடியோவின் லிஃப்ட் ஒரு நாள் நடுவழியில் நின்றது. உள்ளே தாட்சாயணி. வெளியே, கதவுக்கு இந்தப் பக்கம், பிரிட்டோ.

"மேடம், பயப்படாதீங்க. காத்து வரும். கதவைத் தள்ளாதீங்க. மேலே மெஷின் ரூம்ல நம்ம ஆள் இருக்கான், கையால சக்கரத்தைச் சுத்தி இறக்குவான். அதுவரைக்கும் நான் இங்கதான் நிக்கிறேன். பேசிக்கிட்டே இருப்பேன். நீங்க 'ம்' கொட்டினா போதும்."

மாட்டிக்கொண்டவர்களிடம் பேச்சை நிறுத்தக் கூடாது என்பது பிரிட்டோவின் தொழில் சட்டம். பேச ஒன்றும் இல்லாததால் ஒரு கதையை எடுத்துவிட்டார். ஓர் அண்ணன், ஒரு தம்பி. அப்பாவின் வீட்டுக்காகப் பதினோரு வருஷம் வழக்கு, பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. ஆளுக்கொரு வக்கீலைப் பார்க்க ஒரே கட்டிடத்துக்கு வருகிறார்கள். அண்ணன் ஏறிய லிஃப்ட்டிலேயே, யார் என்று பார்க்காமல், தம்பியும் ஏறிவிடுகிறான். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நிற்கிறது.

இந்த இடத்தில் ஸ்டுடியோ லிஃப்ட் கீழே வந்து சேர்ந்தது. கதவு திறந்தது.

"அப்புறம்?" என்றார் தாட்சாயணி, வெளியே கால் வைக்காமல்.

"அப்புறம் தெரியாது மேடம். நீங்கதான் வந்துட்டீங்களே."

"எழுதுங்க. தெரியும்."

உபதேசம் அவ்வளவுதான்.

பிரிட்டோ எழுதினார். காலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை, வேலைக்குக் கிளம்புமுன். ஒன்றரை வருஷத்தில் ஏழு அத்தியாயம். ஏழாவதன் கடைசி வரியில் லிஃப்ட் நின்றது, விளக்கு அணைந்தது, அண்ணனும் தம்பியும் இருட்டில் மூச்சு விட்டார்கள்.

அந்த அத்தியாயத்தைச் சித்திரையில் முகநூலில் போட்டார்.

அறுநூற்றுப் பன்னிரண்டு விருப்பம். நூற்று நாற்பது கருத்து.

"தோழர், உலுக்கிவிட்டீர்கள்."

"தலைவரே, வேற லெவல்!"

"ஐயா, தங்கள் தமிழ்த்தொண்டு தழைத்தோங்க வாழ்த்தும் அன்பன். பி.கு.: நானும் இதே கருவில் எழுதிய கவிதை கீழே." கீழே நாற்பத்திரண்டு வரி.

"அங்கிள், நான் உங்க பையன் கிளாஸ்மேட். லிஃப்ட் மேலே உட்கார்ந்து போயிருக்கீங்களா? ரிப்ளை ப்ளீஸ்."

பிரிட்டோ எல்லாருக்கும் பதில் போட்டார். அங்கிள் லிஃப்ட் மேலே உட்கார்ந்து போனதையும் எழுதினார். மறுநாள் காலை ஐந்து மணிக்கு நோட்டைத் திறந்தார். ராத்திரி யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்களே, ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று போனை எடுத்தார். நிமிர்ந்தபோது மணி ஏழு.

அதற்கப்புறம் ஏழு மாசம் அந்த ஒரு பார்வைதான்.

சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. நாவல் எழுதுவதைப் பற்றி நிறைய எழுதினார். 'எட்டாம் அத்தியாயத்தின் வாசலில் நிற்கிறேன். விரல்கள் நடுங்குகின்றன' என்று ஒரு நாள் போட்டார். கூடவே ஒரு படம்: நோட்டு, ஆவி பறக்கும் டீ, குறுக்கே சாய்த்து வைத்த பேனா. முந்நூற்று நாற்பது பேர் நடுக்கத்தை விரும்பினார்கள்.

உடுமலைப்பேட்டையிலிருந்து கருணாம்பிகை என்று ஒருவர் மட்டும் இப்படி எழுதியிருந்தார்:

"சார், பேனா மூடியோடயே இருக்கு."

பிரிட்டோவுக்குச் சுருக்கென்றது. 'படைப்பு மனநிலை என்பது' என்று பதிலை ஆரம்பித்தார். அழித்தார். 'அம்மணி, எழுதுபவனின் வலி' என்று ஆரம்பித்தார். அதையும் அழித்தார். அன்றைய இரண்டு மணி நேரமும் அதிலேயே போயிற்று.

கார்த்திகை பிறந்ததும் பதிப்பாளர் கூப்பிட்டார். பதிப்பாளருக்குச் சளி பிடித்த குரல், வருஷம் பூராவும்.

"பிரிட்டோ சார், உங்க போஸ்ட் ஒண்ணு விடாமப் படிக்கிறேன். நாவல்தான் படிக்கக் கிடைக்கலை. மார்கழி ஒண்ணாந்தேதி கையெழுத்துப் பிரதி என் மேஜைக்கு வரணும். வரலைன்னா புத்தகக் கண்காட்சிக்கு உங்க இடத்துல சிறுதானியச் சமையல் போயிடும்."

"வந்துடும் சார். விரைவில்."

"ஆனா ஒண்ணு, போஸ்ட் போடறதை விட்டுடாதீங்க. ஆக்டிவா இருந்தாத்தான் புஸ்தகம் நகரும்."

போனை வைத்துவிட்டு பிரிட்டோ நேரே ஸ்டுடியோவுக்குப் போனார்.

தாட்சாயணி இடைவேளையில் இருந்தார். எதிரே ஒரு டம்ளரில் மிளகு தட்டிப் போட்ட வெந்நீர். தொண்டைக்கு.

"மேடம், எழுதற நேரத்தை எப்படிக் காப்பாத்திக்கறது?"

"யார்கிட்டேருந்து?"

பிரிட்டோ சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

"கொடுங்க."

"அய்யோ, டியூட்டி போன் வரும்."

"அது வேற போன்தானே? கம்பெனி கொடுத்த பட்டன் போன். இடுப்புல தொங்குது."

பிரிட்டோ இடுப்பைப் பார்த்தார். தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"இல்ல மேடம், பத்து நாள் காணாமப் போனா மறந்துடுவாங்க. ரெண்டு வருஷமா சேர்த்த ஆளுங்க. நாளைக்குப் புத்தகம் வந்தா இவங்கதானே வாங்கணும்?"

"மறக்க மாட்டாங்க. நான் பார்த்துக்கறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நீங்க வந்து கேக்கற வரைக்கும்."

பிரிட்டோ போனைக் கொடுத்தார். பூட்டைத் திறக்கும் எண்ணையும் சொன்னார். வெளியே வந்து படியிறங்கும்போது, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறவர் போல இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

முதல் நாள் காலை ஐந்து மணி. நோட்டு. பேனா. கை தன்பாட்டுக்குச் சட்டைப்பைக்குப் போய்ச் சும்மா திரும்பியது. பட்டன் போனை எடுத்து, வீட்டுக்கடன் வேண்டுமா என்று கேட்ட குறுஞ்செய்தியை முழுசாகப் படித்தார். கீழே இருந்த நிபந்தனைகளையும் படித்தார்.

இரண்டாம் நாள், போன் இல்லாமல் எழுதுவதைப் பற்றி ஒரு நல்ல வாக்கியம் தோன்றியது. போட இடம் இல்லை. வாக்கியம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. பேனா மூடி மட்டும் திறந்திருந்தது.

நாலாம் நாள் ஆறே முக்காலுக்கு ஒரு வரி வந்தது.

'தம்பி தொண்டையைச் செருமினான்.'

பிரிட்டோ அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தம்பி செருமினால் அண்ணன் என்ன செய்வான்? திரும்புவானா? திரும்பினாலும் இருட்டில் யாருக்குத் தெரியும்? ஐந்தாம் நாள் பூராவும் யோசித்தார். பதில் வரவில்லை. வரியை அடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

ஆறாம் நாள் டீக்கடையில் தனசேகர் பிடித்துக்கொண்டான். தனசேகர் அவருடன் வேலை செய்பவன். மெஷின் ரூமில் சக்கரம் சுற்றுகிறவன்.

"அண்ணே, நேத்து போட்டிருந்தியே, சான்ஸே இல்லண்ணே! எங்க வீட்டுல அழுதுடுச்சு."

"நேத்தா? நானா?"

"சும்மா நடிக்காதண்ணே." தனசேகர் தன் போனை நீட்டினான்.

பிரிட்டோவின் படம், பிரிட்டோவின் பெயர். கீழே எழுதியிருந்தது:

'எல்லாரும் தலை தூக்கி மேலே பார்க்கும் இடங்கள் இரண்டு. ஒன்று கோயில். இன்னொன்று லிஃப்ட். கோயிலில் எந்த மாடி என்று தெரிவதில்லை.'

தொள்ளாயிரத்து முப்பது விருப்பம்.

பிரிட்டோ மூன்று தடவை படித்தார். முதல் தடவை திகில். இரண்டாம் தடவை கோபம். மூன்றாம் தடவை, தான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்போம் என்று தோன்றியது. அதுதான் மூன்றிலும் மோசமாக இருந்தது.

ஸ்டுடியோவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாட்சாயணி, காதில் ஹெட்போன். திரையில் ஒரு பெண் ரயில்வே பிளாட்பாரத்தில் அழுதுகொண்டிருந்தாள். தாட்சாயணி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு அழுதார். குரல் உடைந்தது, விக்கியது, ஒரு பெயரைச் சொல்லிப் பாதியில் நின்றது. கண் மட்டும் வறட்சியாக இருந்தது.

"மேடம், இன்னும் ஒரு விக்கல் கிடைக்குமா?" என்றது ஸ்பீக்கர்.

"முன்னாடியா, பின்னாடியா?"

"பேருக்கு முன்னாடி."

பேருக்கு முன்னாடி ஒரு விக்கல் விழுந்தது. விளக்கு அணைந்தது. தாட்சாயணி வெளியே வந்து பிரிட்டோவுக்கு ஒரு டீ சொன்னார். டீ வந்தது. பிரிட்டோ ஒரு வாய் குடித்தார்.

"மேடம், என் பேர்ல நீங்களா எழுதறீங்க?"

"ஆமா."

"பதிலும் போடறீங்களா?"

"ஒண்ணு விடாம. காணாமப் போகக் கூடாதுன்னீங்களே."

"யாருக்கும் சந்தேகம் வரலையா?"

தாட்சாயணி போனை எடுத்துத் தள்ளிக்கொண்டே வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் அதற்கான குரல் வந்தது.

"'தோழர், சமீபகாலமாக உங்கள் நடை மெருகேறியிருக்கிறது.' இது தோழர். 'தலைவரே, ஃபார்முக்கு வந்துட்டீங்க!' இது தலைவரே. தமிழ்த்தொண்டு ஐயா இன்னொரு கவிதை அனுப்பியிருக்கார், அறுபது வரி. 'அங்கிள், நீங்க இப்ப முன்னவிட ஜாலியா இருக்கீங்க.' இது உங்க பையன் கிளாஸ்மேட். பதிப்பாளர் ஒரு கட்டைவிரல் காட்டியிருக்கார்."

கட்டைவிரலுக்கும் சளி பிடித்திருந்தது.

பிரிட்டோவுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

"ரெண்டு வருஷமா நான் பேசின பேச்சு மேடம். ஆறு நாள்ல எப்படிப் பிடிச்சீங்க?"

"பிடிக்கறதுக்கு நாலுதான் சார் இருந்தது. 'மிக்க நன்றி தோழர்.' 'எல்லாம் உங்கள் அன்பு.' 'உங்கள் உற்சாகமே என் பேனாவின் மை.' அப்புறம் 'விரைவில்.'" கொஞ்சம் யோசித்தார். "நாலாவதுதான் ஜாஸ்தி செலவாகுது."

பிரிட்டோ டீயைப் பார்த்தார்.

"நீங்க என்ன எழுதினீங்க, இந்த ஆறு நாள்ல?" என்று தாட்சாயணி கேட்டார்.

"ஒரு வரி."

"சொல்லுங்க."

"தம்பி தொண்டையைச் செருமினான்."

தாட்சாயணி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "அப்புறம்?"

"அடிச்சுட்டேன். அண்ணன் என்ன சொல்வான்னு தெரியலை."

கண்ணாடிக்குப் பின்னால் யாரோ ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பார்த்தார்கள். பிளாட்பாரத்துப் பெண் மறுபடியும் விக்கினாள், இந்த முறை சரியான இடத்தில்.

"ஒண்ணு விடாமப் பதில் போட்டேன்னு சொன்னேன்ல, அது பொய்," என்றார் தாட்சாயணி. "ஒண்ணு பாக்கி இருக்கு. மூணு நாளா வெச்சிருக்கேன்."

போனைத் திருப்பிக் காட்டினார். கோயிலும் லிஃப்ட்டும் இல்லை, அதற்கு முந்தின பதிவு. நூற்றுக்கணக்கான பூக்களுக்கும் கைதட்டல்களுக்கும் அடியில் ஒரே ஒரு வரி.

'சார், அந்த அண்ணனும் தம்பியும் இன்னும் உள்ளேதான் இருக்காங்களா? சித்திரையில மாட்டினாங்க. கருணாம்பிகை, உடுமலைப்பேட்டை.'

பிரிட்டோ வாசித்தார். பேனா மூடியைப் பார்த்த அதே ஆள்.

"இதுக்கும் ஏதாவது போட்டிருக்கலாமே மேடம். 'விரைவில்'னு போட்டிருந்தா முடிஞ்சுது."

"திரையில உதடு அசைஞ்சாத்தான் சார் நான் பேச முடியும். அந்த ரெண்டு பேரும் ஏழு மாசமா வாயைத் திறக்கலை."

"அப்ப நான் என்ன செய்யணும்? இந்த முகநூலை மூடிடவா? மூடினாப் பதிப்பாளர் திட்டுவார். மூடலைன்னா நாவல் வராது. மார்கழிக்கு இன்னும் இருபத்து மூணு நாள்தான் இருக்கு."

தாட்சாயணி போனை மேஜைமேல் வைத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"மூடுங்கன்னு நான் சொல்லலையே. வந்து கேட்டீங்க. எடுத்துக்கோங்க."

டீ க்ளாஸுக்குப் பக்கத்தில் போன் இருந்தது. ஆறு நாள் பிரிந்திருந்தது அதற்கும் தெரிந்ததோ என்னவோ, உடனே அதிர்ந்தது. திரையில் வெளிச்சம் வந்தது. பதினாலு புது அறிவிப்பு. யாரோ அவர் பெயரைக் குறிப்பிட்டிருந்தார்கள். யார் என்று பாதிதான் தெரிந்தது.

பிரிட்டோவின் கை போனை நோக்கிப் போனது.

தாட்சாயணி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அதற்கப்புறம் வந்த குரல் பெண் குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு. வண்டிச் சாவியை ஏற்கெனவே தேட ஆரம்பித்துவிட்ட அவசரம். இருபத்தோரு வருஷமாக ஊர் பூராவும் கேட்ட குரல். பிரிட்டோ மட்டும் அதை வெளியிலிருந்து கேட்டதில்லை.

"உள்ளே ஆள் இருக்கா?"

பிரிட்டோ வண்டிச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மேஜைமேல் போன் இன்னொரு முறை அதிர்ந்தது. அதன் பக்கத்தில், ஒரு வாய் குடித்த டீ ஆறிக்கொண்டிருந்தது.